நெதர்லாந்தில் ஆங்கிலவழி வேதியியல் பட்டப்படிப்பு

நெதர்லாந்தில் ஆங்கிலவழி வேதியியல் பட்டப்படிப்பு என்பது, அந்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் சிலவற்றில் டச்சு மொழிக்குப் பதிலாக ஆங்கிலத்தைப் பயிற்றுமொழியாகக் கொண்டு நடத்தப்படும் இளநிலை, முதுநிலை அறிவியல் படிப்புகளைக் குறிக்கும். இளநிலைப் படிப்பு 3 ஆண்டுகளும் முதுநிலைப் படிப்பு 2 ஆண்டுகளும் கொண்டவை. டச்சு மாணவர்களும் பிற ஐரோப்பிய நாட்டினரும் ஆசிய, ஆப்பிரிக்க, அமெரிக்க நாடுகளிலிருந்து வருவோரும் ஒரே வகுப்பில் பயில்கின்றனர். 1614-இல் நிறுவப்பட்ட குரோனிங்கன் பல்கலைக்கழகம் இவ்வகைப் படிப்புக்குப் பெயர் பெற்ற இடங்களில் ஒன்று. இக்கட்டுரை அதனை முதன்மை எடுத்துக்காட்டாகக் கொண்டு படிப்பின் வரலாறு, அமைப்பு, ஆய்வகப் பயிற்சி, மொழிச்சிக்கல், செலவு ஆகியவற்றை விளக்குகிறது.

வரலாற்றுப் பின்னணி

வேதியியலில் ஒரு கண்டுபிடிப்பு எந்த மொழியில் எழுதப்படுகிறது என்பது அதன் தலைவிதியையே மாற்றக்கூடும் என்பதற்கு நெதர்லாந்தின் வரலாற்றிலேயே சான்று உள்ளது. கரைசல்களைப் பற்றிய பாடத்தில் வரும் வாண்ட் ஹாஃப் காரணி மூலம் பள்ளி மாணவர்களுக்கு அறிமுகமான யாக்கோபுஸ் ஹென்ரிகஸ் வாண்ட் ஹாஃப் 1852-இல் ராட்டர்டாமில் பிறந்தவர். அவர் டெல்ஃப்ட், லைடன் ஆகிய நகரங்களில் பயின்ற பின் ஜெர்மனியின் பான் நகரில் கெக்குலேயிடமும், பாரிசில் வூர்ட்சிடமும் சென்று கற்றார். பிறகு உட்ரெக்ட் திரும்பி 1874-இல் முனைவர் பட்டம் பெற்றார். மூன்று நாடுகளில், மூன்று மொழிச் சூழல்களில் வேதியியல் கற்ற மாணவர் அவர்.

முனைவர் பட்டம் பெறுவதற்குச் சில மாதங்களுக்கு முன், 22 வயதில், அவர் ஒரு சிறுநூலை டச்சு மொழியில் வெளியிட்டார். கரிம அணுவின் நான்கு பிணைப்புகளும் ஒரே தளத்தில் அமையாமல், ஒரு நான்முகியின் நான்கு முனைகளை நோக்கி அமைகின்றன என்பது அதன் கருத்து. ஒரு கரிம அணுவுடன் நான்கு வெவ்வேறு தொகுதிகள் இணைந்தால், ஒன்றுக்கொன்று ஆடிப் பிம்பமான இரண்டு அமைப்புகள் உருவாகும். லாக்டிக் அமிலம் போன்ற சேர்மங்கள் ஒளியின் தளத்தைச் சுழற்றுவதற்கு இதுவே காரணம் என அவர் விளக்கினார். பாரிசில் அதே ஆய்வகத்தில் பணியாற்றிய லெ பெல் அதே ஆண்டில் இதனையொத்த கருத்தைத் தனியாக வெளியிட்டார்.

வாண்ட் ஹாஃபின் டச்சு நூல் முதலில் அதிகம் கவனிக்கப்படவில்லை. 1875-இல் அதன் விரிவான பிரெஞ்சு வடிவமும், 1877-இல் விஸ்லிசேனஸின் முன்னுரையுடன் ஜெர்மன் மொழிபெயர்ப்பும் வெளிவந்த பின்னரே ஐரோப்பிய வேதியியலாளர்கள் அதனைப் படித்தனர். ஹெர்மன் கோல்பே அதைக் கற்பனை என்று கடுமையாகச் சாடினார். கால்நடை மருத்துவப் பள்ளியில் பணிபுரியும் ஓர் இளைஞர் எழுதியது என்று ஏளனமும் செய்தார். ஆனால் அந்த ஏளனம்கூட நூல் ஜெர்மன் மொழியில் கிடைத்த பிறகுதான் வந்தது. எதிர்ப்பைச் சந்திப்பதற்கும் ஒரு கருத்து முதலில் படிக்கப்பட வேண்டியிருந்தது. வாண்ட் ஹாஃப் 1901-இல் வேதியியலுக்கான முதல் நோபல் பரிசைப் பெற்றார். அது வேதி இயக்கவியல், சவ்வூடு பரவல் அழுத்தம் ஆகியவை தொடர்பான பணிகளுக்காக வழங்கப்பட்டது.

டச்சு மொழியில் வேதியியலுக்கான சொற்கள் இல்லாமலில்லை. வேதியியலுக்கு டச்சில் 'ஸ்கெய்குண்ட' என்று பெயர். பிரித்தெடுக்கும் கலை என்பது அதன் பொருள். ஹைட்ரஜன் 'வாட்டர்ஸ்டோஃப்', அதாவது நீர்ப்பொருள். ஆக்சிஜன் 'ஸூர்ஸ்டோஃப்', புளிப்புப்பொருள். நைட்ரஜன் 'ஸ்டிக்ஸ்டோஃப்', மூச்சுத்திணற வைக்கும் பொருள். இச்சொற்கள் இன்றும் டச்சுப் பள்ளிகளில் வழக்கில் உள்ளன. ஆயினும் டச்சு வேதியியலாளர்கள் 1882-இல் தங்களுக்கென ஓர் ஆய்விதழைத் தொடங்கியபோது, அதற்குப் பிரெஞ்சு மொழியிலேயே பெயரிட்டனர். பள்ளிக்கு ஒரு மொழி, உலக வேதியியலாளர்களிடம் பேச இன்னொரு மொழி என்ற ஏற்பாடு அங்கே பழமையானது.

அந்த இன்னொரு மொழி காலத்துக்குக் காலம் மாறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் ஜெர்மன் முன்னணியில் இருந்தது. இரண்டாம் உலகப்போருக்குப் பின் ஆங்கிலம் அவ்விடத்தைப் பிடித்தது. ஜெர்மனியின் 'அங்கேவாண்ட்டே கெமி' என்ற புகழ்பெற்ற இதழே 1962 முதல் ஆங்கிலப் பதிப்பையும் வெளியிட்டது. கரிமச் சேர்மங்களுக்கான பெய்ல்ஷ்டைன் கையேடும் 1980களில் ஜெர்மனிலிருந்து ஆங்கிலத்துக்கு மாறியது. இன்றைய ஆங்கிலவழிப் படிப்பு இந்த நீண்ட மாற்றத்தின் தொடர்ச்சியாகும்.

ஆங்கிலவழிப் படிப்புகளின் வளர்ச்சி

நெதர்லாந்தின் 1992-ஆம் ஆண்டு உயர்கல்விச் சட்டப்படி கற்பித்தலும் தேர்வும் டச்சு மொழியில் நடைபெற வேண்டும். கல்வியின் தன்மை, தரம், மாணவர்களின் பின்னணி போன்ற காரணங்கள் இருந்தால் வேறு மொழியைப் பயன்படுத்தலாம் என்ற விதிவிலக்கும் அச்சட்டத்திலேயே உண்டு. ஆங்கிலவழிப் படிப்புகள் இந்த விதிவிலக்கின்கீழ் வளர்ந்தன.

1999-இல் 29 ஐரோப்பிய நாடுகள் கையெழுத்திட்ட பொலோனியா அறிக்கை இவ்வளர்ச்சிக்கு வேகம் கொடுத்தது. ஒரு நாட்டின் பட்டம் இன்னொரு நாட்டில் எளிதாகப் புரிந்துகொள்ளப்பட வேண்டும் என்பது அதன் நோக்கம். அதன்படி நெதர்லாந்து 2002-இல் தன் பழைய ஒற்றைப் பட்ட முறையைக் கைவிட்டு, இளநிலை, முதுநிலை என்ற இரு நிலைகளுக்கு மாறியது. முதலில் முதுநிலைப் படிப்புகளும், பின்னர் இளநிலைப் படிப்புகள் சிலவும் ஆங்கிலத்துக்கு மாறின.

எல்லாப் பல்கலைக்கழகங்களும் ஒரே வழியில் செல்லவில்லை. 2020களின் தொடக்கத்தில் குரோனிங்கன், நைமேகன், ஐந்தோவன், ட்வென்டே ஆகிய இடங்களில் வேதியியல் அல்லது அதனுடன் இணைந்த வேதிப்பொறியியல் இளநிலைப் படிப்பு ஆங்கிலத்தில் நடத்தப்பட்டது. வாண்ட் ஹாஃப் பட்டம் பெற்ற உட்ரெக்டிலும், பேராசிரியராக இருந்த ஆம்ஸ்டர்டாமிலும் இளநிலைப் படிப்பு டச்சு மொழியிலும் முதுநிலைப் படிப்பு ஆங்கிலத்திலும் இருந்தன. எனவே ஒரு படிப்பின் பயிற்றுமொழி எது என்பதைப் பல்கலைக்கழகத்தின் பெயரை மட்டும் வைத்து ஊகிக்க இயலாது.

படிப்பின் அமைப்பு

ஐரோப்பியக் கல்விக்கூடங்கள் பாடச்சுமையை இ.சி.டி.எஸ். எனப்படும் மதிப்பலகுகளால் அளக்கின்றன. ஓர் ஆண்டுக்கு 60 அலகுகள். நெதர்லாந்தில் ஓர் அலகு 28 மணிநேர உழைப்பாகக் கணக்கிடப்படுகிறது. ஆகவே ஓர் ஆண்டுக்கு 1,680 மணிநேரமும், இளநிலைப் படிப்பு முழுமைக்கும் 5,040 மணிநேரமும் ஆகின்றன. 5 அலகுகள் கொண்ட ஒரு பாடம் 140 மணிநேர உழைப்பு. இதில் விரிவுரை, பயிற்சி வகுப்பு, ஆய்வகம், தேர்வு ஆகியவற்றுடன் மாணவர் தனியாக அமர்ந்து படிக்கும் நேரமும் சேரும். வகுப்பு நேரம் குறைவாகத் தோன்றுவதைக் கண்டு படிப்பு எளிது என்று எண்ணுவோர் முதல் தேர்விலேயே உண்மையை அறிகின்றனர்.

குரோனிங்கனில் கல்வியாண்டு செப்டம்பரில் தொடங்குகிறது. ஓர் ஆண்டு இரண்டு பருவங்களாகவும், ஒவ்வொரு பருவமும் ஏறத்தாழ 10 வாரங்கள் கொண்ட இரண்டு பகுதிகளாகவும் பிரிக்கப்படுகிறது. ஒவ்வொரு பகுதியிலும் சில பாடங்களே நடத்தப்பட்டு, அதன் முடிவிலேயே தேர்வும் நடைபெறும். பொது வேதியியல், கரிம வேதியியல், கனிம வேதியியல், இயற்பிய வேதியியல், கணிதம் ஆகியவை அடிப்படைப் பாடங்கள். அடுத்த நிலைகளில் நிறமாலையியல், குவாண்டம் வேதியியல், உயிர்வேதியியல், பலபடி வேதியியல், வினைவேகமாற்றம் முதலியவை வருகின்றன.

மதிப்பெண் 1 முதல் 10 வரை வழங்கப்படுகிறது. 5.5 பெற்றால் தேர்ச்சி. 9-க்கு மேல் பெறுவது அரிது; 10 மிக அரிது. நூற்றுக்குத் தொண்ணூறு பெற்றுப் பழகிய மாணவர் தம் விடைத்தாளில் 7 என்ற எண்ணைக் காணும்போது அதிர்ச்சி அடைவது வழக்கம். டச்சு அளவுகோலில் 7 என்பது நல்ல மதிப்பெண்.

முதலாண்டில் 'கட்டுப்படுத்தும் கல்வி அறிவுரை' என்ற விதி உள்ளது. முதலாண்டின் 60 அலகுகளில் குறிப்பிட்ட அளவைப் பெறாதவர் அதே படிப்பைத் தொடர முடியாது. குரோனிங்கனில் இந்த எல்லை வழக்கமாக 45 அலகுகள். நோய், குடும்பத் துயரம் போன்ற காரணங்களைக் கல்வி ஆலோசகரிடம் உரிய நேரத்தில் தெரிவித்தவர்களுக்கு விலக்கு உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோருக்கு இது இன்னும் கடுமையானது. அவர்கள் தங்கும் உரிமையைத் தக்கவைக்க ஆண்டுதோறும் போதிய கல்வி முன்னேற்றத்தைக் காட்ட வேண்டும். படிப்பில் பின்தங்குவது அவர்களுக்கு விசாவையும் தொடும் விஷயமாகிறது.

ஆய்வகம்

வேதியியல் படிப்பின் பெரும்பகுதி ஆய்வகத்தில் கழிகிறது. மாணவர் ஆய்வகத்துக்குள் கால் வைப்பதற்கு முன் பாதுகாப்பு விதிகளைக் கற்றுக்கொள்ள வேண்டும். பாதுகாப்புக் கண்ணாடியும் பருத்தி மேலங்கியும் கட்டாயம். எளிதில் ஆவியாகும் அல்லது நச்சுத்தன்மையுள்ள பொருள்கள் காற்றை உறிஞ்சி வெளியேற்றும் ஃபியூம் ஹூட் பெட்டிக்குள் மட்டுமே கையாளப்படுகின்றன.

மொழிவேறுபாடு மிகுந்த ஆய்வகத்தில் பாதுகாப்பு ஒரு பொதுக் குறியீட்டைச் சார்ந்துள்ளது. ஐக்கிய நாடுகள் அவை 2003-இல் வெளியிட்ட உலகளாவிய ஒருங்கிணைந்த வகைப்பாட்டு முறையில் 9 படக்குறிகளும் எண்ணிட்ட எச்சரிக்கைத் தொடர்களும் உள்ளன. எச்225 என்றால் எளிதில் தீப்பற்றும் திரவமும் ஆவியும். அசிட்டோன் குப்பியின்மேல் இதைக் காணலாம். எச்314 என்றால் தோலையும் கண்ணையும் கடுமையாக அரிக்கும் பொருள். குப்பியின் வாசகம் எந்த மொழியில் இருந்தாலும் இந்த எண் மாறுவதில்லை. எனினும் ஆபத்து நேரத்தில் எண்கள் போதா. 'விலகு', 'கையைக் கழுவு', 'வாயுவை மூடு' என்ற சிறு கட்டளைகளை நொடியில் புரிந்துகொள்ளும் அளவுக்கு ஒரு பொதுமொழி எல்லோருக்கும் தேவைப்படுகிறது.

ஆய்வகக் குறிப்பேடு எழுதுவதும் தனிப் பயிற்சி. செய்யும்போதே எழுத வேண்டும். நினைவிலிருந்து பிறகு எழுதக் கூடாது. தவறை ஒரு கோட்டால் அடிக்கலாம். அழிக்கவோ தாளைக் கிழிக்கவோ கூடாது. இன்னொருவர் அந்தக் குறிப்பை மட்டும் வைத்து அதே சோதனையைச் செய்ய முடிய வேண்டும் என்பதே அளவுகோல்.

எளிய எடுத்துக்காட்டாக ஆஸ்பிரின் தயாரிப்பைக் கொள்ளலாம். 2.00 கிராம் சாலிசிலிக் அமிலம் முழுவதும் வினைபுரிந்தால், மூலக்கூறு எடைகளின்படி 2.61 கிராம் ஆஸ்பிரின் கிடைக்க வேண்டும். மறுபடிகமாக்கி உலர்த்திய பின் 1.96 கிராம் கிடைத்தால், விளைச்சல் 75 விழுக்காடு. பள்ளியில் கணக்கு இத்துடன் முடிந்துவிடும். பல்கலைக்கழக அறிக்கை இங்கிருந்துதான் தொடங்குகிறது. மீதி 25 விழுக்காடு எங்கே போயிற்று? வினை முழுமையடையவில்லையா, வடிநீரில் கரைந்து போயிற்றா, குடுவையில் ஒட்டிக்கொண்டதா? கிடைத்த 1.96 கிராமும் தூய்மையானது என்பதற்குச் சான்று என்ன? உருகுநிலை அளவீடு, மெல்லடுக்கு வண்ணப்பிரிகை, அணுக்கரு காந்த ஒத்ததிர்வு நிறமாலை ஆகியவற்றைக் கொண்டு இதற்கு விடை எழுத வேண்டும். ஆங்கிலப் புலமை இருந்தால் வாக்கியம் அழகாக அமையலாம். காரணம் தவறாக இருந்தால் மதிப்பெண் கிடைக்காது. காரணம் சரியாக இருந்து வாக்கியம் எளிமையாக இருந்தால் பெரும்பாலும் போதும்.

மொழி தரும் இடர்ப்பாடுகள்

ஆங்கிலவழி வேதியியலில் கலைச்சொற்களே பெரிய தடை என்று பலர் அஞ்சுகின்றனர். உண்மையில் தனிமக் குறியீடுகள், வாய்பாடுகள், வினைச் சமன்பாடுகள் எல்லா மொழிகளுக்கும் பொதுவானவை. சேர்மங்களுக்குப் பெயரிடும் விதிகளை 1919-இல் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தூய மற்றும் பயன்பாட்டு வேதியியல் ஒன்றியம் வகுத்துள்ளது. ஒருமுறை கற்றால் எங்கும் பயன்படும்.

அதிகத் தொல்லை தருபவை சாதாரணச் சொற்கள். காசெல்ஸ், ஜான்ஸ்டன் ஆகிய இருவர் பிரிட்டனில் மாணவர்களிடையே செய்த ஆய்வின் முடிவுகள் 1985-இல் வெளியாயின. கலைச்சொல் அல்லாத பொதுச் சொற்களே அறிவியல் வினாக்களில் மாணவர்களைத் தடுமாற வைக்கின்றன என்பதை அவ்வாய்வு காட்டியது. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களுக்கே இந்நிலை என்றால், பிறருக்குச் சொல்ல வேண்டியதில்லை.

சில எடுத்துக்காட்டுகள்:

* 'ஸ்ட்ராங்' என்ற சொல் அன்றாட ஆங்கிலத்தில் செறிவைக் குறிக்கும். ஸ்ட்ராங் காப்பி என்பது அப்படித்தான். வேதியியலில் ஸ்ட்ராங் அமிலம் என்பது நீரில் முழுமையாக அயனியாகும் அமிலம். கலப்படமற்ற அசிட்டிக் அமிலம் செறிவு மிக்கது, ஆனால் வலிமை குறைந்தது. மிக நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலம் செறிவு குறைந்தது, ஆனால் வலிமை மிக்கது.
* 'ஸ்பான்டேனியஸ்' என்றால் பேச்சுவழக்கில் சட்டென்று நிகழ்வது. வெப்ப இயக்கவியலில் அது தன்னிச்சையாக நிகழும் சாத்தியத்தை மட்டும் குறிக்கும், வேகத்தைக் குறிக்காது. சாதாரண வெப்பநிலையிலும் அழுத்தத்திலும் வைரம் கிராஃபைட்டாக மாறுவது தன்னிச்சை வினையே. ஆனால் எந்த மோதிரமும் கறுத்துப் போவதில்லை.
* 'ரிடக்‌ஷன்' என்றால் குறைதல். வேதியியலில் அது எலக்ட்ரானைப் பெறுதல்.

தமிழ்வழியில் பயின்ற மாணவருக்கு இங்கு ஓர் அனுகூலம் உண்டு. வலிமை, செறிவு, தன்னிச்சை, ஒடுக்கம் என்று தமிழ்ப் பாடநூல்கள் தனித்தனிச் சொற்களைப் பயன்படுத்துகின்றன. அச்சொற்களின் பொருளைத் தெளிவாக உணர்ந்தவர் ஆங்கிலப் பெயரை மட்டும் புதிதாகப் பழகினால் போதும். பொருள் புரியாமல் ஆங்கிலச் சொல்லை மனப்பாடம் செய்தவரே அதிகம் தடுமாறுகிறார்.

எழுத்தைவிடப் பேச்சு கடினமானது. பயிற்சி வகுப்புகளில் மாணவர் கரும்பலகையின் முன் நின்று தம் விடையை விளக்க நேரிடும். டச்சுக் கல்விச் சூழலில் ஆசிரியரைப் பெயர் சொல்லி அழைப்பதும், அவர் கூற்றைக் கேள்வி கேட்பதும் இயல்பு. குறையைச் சுற்றி வளைக்காமல் நேரடியாகச் சொல்வதும் அங்கு வழக்கம். மௌனமே மரியாதை என்று வளர்க்கப்பட்ட மாணவருக்கு இது முதலில் துணுக்குறச் செய்யும். கேள்வி கேட்காத மாணவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்றே அங்கு கருதப்படும் என்பதால், மௌனத்தின் இழப்பு மாணவருக்கே.

ஆய்வுக் குழுவும் இறுதித் திட்டமும்

மூன்றாம் ஆண்டின் இறுதியில் மாணவர் ஓர் ஆய்வுக் குழுவில் சேர்ந்து சிறு ஆய்வுத் திட்டம் செய்கிறார். பெரும்பாலும் ஒரு முனைவர் பட்ட ஆய்வாளர் அவருக்கு அன்றாட வழிகாட்டியாக இருப்பார். வழிகாட்டியும் மாணவரும் வெவ்வேறு கண்டங்களைச் சேர்ந்தவர்களாக இருப்பது சாதாரணம். படிப்பின் பன்னாட்டுத் தன்மை விளம்பரச் சொல்லாக இல்லாமல் அன்றாட வேலையாக மாறுவது இங்குதான்.

குரோனிங்கனின் புகழ்பெற்ற ஆய்வே இதற்குச் சான்று. அங்கு பயின்று 1978-இல் முனைவர் பட்டம் பெற்ற பென் ஃபெரிங்காவின் குழு, 1999-இல் ஒளியால் இயங்கி ஒரே திசையில் சுழலும் மூலக்கூறு மோட்டாரை அறிவித்தது. இரு கரிம அணுக்களுக்கு இடையிலான இரட்டைப் பிணைப்பே அதன் அச்சு. ஒளிபட்டால் ஒரு பாதி மற்றொரு பாதியைச் சார்ந்து திரும்புகிறது. பின்னர் வெப்பத்தால் நிகழும் ஒரு மாற்றம் அது பின்னோக்கித் திரும்பாமல் பூட்டிவிடுகிறது. இவ்வாறு நான்கு படிகளில் ஒரு முழுச்சுற்று நிறைவடைகிறது. சுழற்சியின் திசையை முடிவு செய்வது மூலக்கூறின் இடம்வலத் தன்மை. வாண்ட் ஹாஃப் 1874-இல் எழுதிய அந்தச் சிறுநூல் பேசியதும் ஆடிப் பிம்ப அமைப்புகளையும் இரட்டைப் பிணைப்பைச் சுற்றிய அமைப்பையும் பற்றியே.

இரண்டு வெளியீடுகளுக்கும் இடையே 125 ஆண்டுகள். முன்னது டச்சு மொழியில் தனி ஒருவர் எழுதியது, மொழிபெயர்ப்புக்காகக் காத்திருந்தது. பின்னது ஆங்கிலத்தில் 'நேச்சர்' இதழில் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் ஜப்பானியரான நாகாதோஷி கோமுரா. 2016-இல் ஃபெரிங்கா, ழான் பியேர் சோவாஜ், ஃபிரேசர் ஸ்டோடார்ட் ஆகிய மூவருக்கும் மூலக்கூறு இயந்திரங்களுக்காக வேதியியல் நோபல் பரிசு பகிர்ந்து அளிக்கப்பட்டது.

பல்கலைக்கழகத்தின் அறிவியல் வளாகம் 1953-இல் இயற்பியலுக்கான நோபல் பரிசு பெற்ற ஃப்ரிட்ஸ் சேர்னிக்கின் பெயரைத் தாங்கியுள்ளது. அவரும் ஆம்ஸ்டர்டாமில் வேதியியல் பயின்றவரே.

சேர்க்கையும் செலவும்

இளநிலைச் சேர்க்கைக்குப் பள்ளி இறுதி நிலையில் வேதியியல், இயற்பியல், கணிதம் ஆகிய மூன்றும் படித்திருக்க வேண்டும். பள்ளிச் சான்றிதழ் டச்சு நாட்டின் பல்கலைக்கழக ஆயத்தப் பள்ளிச் சான்றிதழுக்கு நிகரானதா என்று பார்க்கப்படும். நாட்டுக்கும் பாடத்திட்டத்துக்கும் ஏற்ப முடிவு மாறும். இளநிலைப் பட்டம் முடித்தவர்கள் நேரடியாக முதுநிலைக்கு விண்ணப்பிக்கலாம். இந்தியா, இலங்கை போன்ற நாடுகளின் மாணவர்களுக்கு இவ்வழி பெரும்பாலும் எளிதானது. ஐ.இ.எல்.டி.எஸ். போன்ற ஆங்கிலத் தேர்வின் மதிப்பெண்ணும் கேட்கப்படும்.

கட்டணத்தில் பெரிய வேறுபாடு உண்டு. ஐரோப்பிய ஒன்றிய மாணவர்களுக்கு அரசு நிர்ணயித்த கட்டணம் ஆண்டுக்குச் சுமார் 2,500 யூரோ. பிறருக்கு அறிவியல் படிப்புகளில் அது 15,000 யூரோவைத் தாண்டுகிறது. ஒரே மேசையில் ஒரே பியூரெட்டைப் பயன்படுத்தும் இரு மாணவர்களில் ஒருவர் மற்றவரைப்போல் ஆறு மடங்குக்கு மேல் செலுத்துகிறார். இதனுடன் மாதத்துக்கு 1,000 யூரோவுக்கு மேல் வாழ்க்கைச் செலவும் ஆகும். ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியிலிருந்து வருவோர், அனுமதி பெற்று வாரத்துக்கு 16 மணிநேரம் வரை பகுதிநேர வேலை செய்யலாம். அந்த ஊதியத்தைக் கொண்டு கட்டணத்தையும் சமாளித்துவிடலாம் என்று கணக்கிடுவது ஆபத்தானது. மாணவர் நகரங்களில் வாடகை அறைகளுக்குக் கடும் தட்டுப்பாடு நிலவுவதால், அறை உறுதியான பின்னரே பயணச்சீட்டு எடுப்பது நல்லது.

மொழி குறித்த விவாதம்

ஆங்கிலவழிப் படிப்புகள் பெருகியதும் நெதர்லாந்தில் எதிர்ப்பும் எழுந்தது. டச்சு மொழி அறிவியல் மொழி என்ற தகுதியை இழக்கிறது, டச்சு மாணவர்கள் தம் மொழியில் சிந்தித்து எழுதும் திறன் குறைகிறது, விரிவுரை அரங்குகளிலும் விடுதிகளிலும் இடம் போதவில்லை என்பன எதிர்ப்பாளர்களின் வாதங்கள். ஆய்வுக்குத் திறமையாளர்கள் தேவை, தொழில்துறையில் ஆள் பற்றாக்குறை உள்ளது, வேதியியலின் மொழி ஏற்கெனவே ஆங்கிலம்தான் என்பன ஆதரவாளர்களின் வாதங்கள்.

2024-இல் பன்னாட்டுமயமாக்கலைச் சமநிலைப்படுத்தும் சட்ட மசோதா நாடாளுமன்றத்தின் கீழவையில் முன்வைக்கப்பட்டது. இளநிலைப் படிப்பில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் வேறு மொழியில் நடத்த வேண்டுமானால் தனி அனுமதி பெற வேண்டும் என்பது அதன் முக்கியக் கூறு. ஆள் பற்றாக்குறையுள்ள துறைகளுக்கும் சில வட்டாரங்களுக்கும் விலக்கு அளிக்க அதில் இடம் இருந்தது. மசோதா பின்னர் கடும் விவாதத்துக்கு உள்ளானது. எனவே இளநிலைப் படிப்புக்கு விண்ணப்பிக்கும் மாணவர், அந்த ஆண்டில் அப்படிப்பின் பயிற்றுமொழி எது என்பதைப் பல்கலைக்கழக அறிவிப்பில் சரிபார்த்துக்கொள்ள வேண்டும்.

படிப்புக்குப் பின்

பட்டம் பெற்ற வெளிநாட்டு மாணவர்கள் வேலை தேட ஓராண்டு தங்கும் உரிமைக்கு விண்ணப்பிக்கலாம். முதுநிலை முடித்தவர்களில் பலர் முனைவர் பட்ட ஆய்வில் சேர்கின்றனர். நெதர்லாந்தில் அது பெரும்பாலும் ஊதியம் பெறும் நான்காண்டுப் பணியாகும்.

ஆய்வுக்கூடங்களில் ஆங்கிலம் மட்டும் போதும். ஆனால் தொழிற்சாலையின் உற்பத்திப் பிரிவில், பள்ளி ஆசிரியர் பணியில், அரசு அலுவலகங்களில் டச்சு மொழி தேவை. இரவுப் பணியில் வால்வைத் திறப்பவரிடமும் மூடுபவரிடமும் அவர் மொழியில் பேச வேண்டியிருக்கும். முதலாண்டிலிருந்தே சிறிது சிறிதாக டச்சு கற்றவர்களுக்கு வேலைவாய்ப்பின் பரப்பு விரிகிறது. மூன்று ஆண்டுகளையும் ஆங்கிலத்திலேயே கழித்தவர்கள் பட்டத்துடன் வெளியே வரும்போதுதான் அந்தக் குறையை உணர்கின்றனர்.

வாண்ட் ஹாஃப் தம் கருத்தை டச்சில் உருவாக்கி, பிரெஞ்சில் விரித்து, ஜெர்மன் மொழிபெயர்ப்பின் வழியே விவாதத்துக்குக் கொண்டு சென்றார். பின்னாளில் பெர்லினிலேயே பேராசிரியராகப் பணியாற்றினார். ஒரு மொழியைக் கைவிட்டு இன்னொன்றைப் பிடிக்க வேண்டும் என்ற கட்டாயம் அவருக்கு ஏற்படவில்லை. இன்று ஆங்கிலவழியில் வேதியியல் பயிலச் செல்லும் மாணவருக்கும் தாய்மொழியில் பெற்ற கருத்துத் தெளிவு, வகுப்பறையின் ஆங்கிலம், வாழும் ஊரின் டச்சு ஆகிய மூன்றும் தேவைப்படுகின்றன.